பீங்கான் கரி அடுப்புக்குப் புதிய கேஸ்கட்: கடற்காற்று அடிக்கும் மொட்டை மாடிகளுக்கான செய்முறை

கமாடோ எனப்படும் முட்டை வடிவப் பீங்கான் அடுப்பில் தீயை ஆள்வது காற்றுதான். அடியில் ஒரு வாசல், மூடியின் உச்சியில் ஒரு வாசல். இரண்டையும் எவ்வளவு திறக்கிறோமோ அந்த அளவுக்குத்தான் கரி எரிய வேண்டும். மூடியும் அடிப்பாகமும் சந்திக்கும் விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டையே கேஸ்கட். அது தேய்ந்துபோனால், நாம் திறக்காத மூன்றாவது வாசல் ஒன்று நடுவில் திறந்துகொள்கிறது. சூடு சொல்பேச்சு கேட்காது. மெதுவாக வேக வேண்டிய கொடுவா வறண்டுவிடும். சமைத்து முடித்து இரண்டு வாசல்களையும் அடைத்த பிறகும் கரி அணையாமல், மிச்சம் இருக்க வேண்டியதெல்லாம் சாம்பலாகிவிடும்.

வட சென்னைக் கடலோரத்தில், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இந்த அடுப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு விளிம்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதைக் கவனிக்காமல் ஒட்டும் பட்டை எதுவும் நிலைக்காது. இந்த வேலையில் முக்கால் பங்கு சுத்தம் செய்வதுதான். ஒட்டுவதற்குச் சிறிது நேரமே ஆகும்.

எப்போது செய்யலாம்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். மழைக்கால ஈரத்தில் பீங்கானின் உள்பக்கம் நீரை உறிஞ்சியிருக்கும்; பசை பிடிக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல வாய்ப்பு. வெயிலும் இருக்கும், வஞ்சிரத்தின் விலையும் ஏறியிருக்கும். அடுப்பைச் சும்மா போட்டு வைப்பதில் இழப்பில்லை.

என்னென்ன வேண்டும்?

முதலில் பட்டை. கம்பளி ஃபெல்ட் பட்டை விலை குறைவு, ஆனால் அதிகச் சூட்டில் சீக்கிரம் கருகும். நோமெக்ஸ் என்ற வெப்பம் தாங்கும் இழையில் செய்ததோ, கண்ணாடி இழையில் பின்னியதோ நீண்ட நாள் உழைக்கும். பின்புறத்தில் பசையோடு வருவதை வாங்குவது புதியவர்களுக்கு எளிது. நீளத்தைக் கணக்குப் போட வேண்டாம். ஒரு நூலை விளிம்பைச் சுற்றி வைத்து அளந்து, ஒரு சாண் கூடுதலாக வாங்குங்கள். பல மாடல்களில் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் தனித்தனிப் பட்டை உண்டு என்பதால், பழையதைப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள். பழைய பட்டையைவிடத் தடிமனானது நல்லது என்று நினைக்காதீர்கள். அது கீல் பக்கம் முதலில் முட்டி, முன்பக்கம் மூடாமல் நிற்கும்.

பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கேட்டால் வேறு சில பொருட்களும் கைக்கு வரலாம். ஆஸ்பெஸ்டாஸ் கயிறோ பட்டையோ தந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதன் இழைகள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரக்கூடும். சமைக்கும் இடத்துக்கு அருகில்கூட அது வரக்கூடாது. பிரஷர் குக்கருக்கான ரப்பர் கேஸ்கட்டும் இந்தச் சூட்டைத் தாங்காது.

மற்றவை: பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு, அசிட்டோன், பனியன் துணி, கையுறை, மாஸ்க், ஸ்பானர், சில செய்தித்தாள்கள். வாசனையும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கியை அசிட்டோனுக்குப் பதிலாக வாங்காதீர்கள், அந்த எண்ணெய் விளிம்பிலேயே தங்கிவிடும்.

பழைய பட்டையைப் படியுங்கள்

சுரண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தட்டையாகி, இறுகிப் போயிருந்தால் அது வயதின் தேய்மானம். ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால், மூடி அங்கே சரியாக உட்காரவில்லை, சூடான காற்று அந்த வழியாகப் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதுப் பட்டை ஒட்டினால் அதே இடம் மறுபடியும் கருகும். பிய்ந்து தொங்கினால் காரணம் பெரும்பாலும் மசாலாவும் கொழுப்பும்தான். அவை வழிந்து காய்ந்து மூடியை ஒட்டவைத்துவிடும். பலமாக இழுக்கும்போது பட்டை கிழியும்.

அகற்றுதலும் சுத்தமும்

அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பீங்கான் சூட்டைப் பல மணி நேரம் பிடித்து வைக்கும், சாம்பலுக்குள் கங்கு ஒளிந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். ஆகவே முந்தின நாள் சமைத்திருந்தால்கூடச் சாம்பலை முழுவதும் அள்ளிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பக்கத்தில் சிகரெட், ஊதுபத்தி எதுவும் கூடாது.

உள்ளே செய்தித்தாளை விரியுங்கள், துகள்கள் அதில் விழட்டும். பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்துப் பழைய பட்டையின் அடியில் நுழைத்துத் தள்ளுங்கள். செங்குத்தாகக் குத்தினால் பீங்கான் சில்லுச் சில்லாகப் பெயரும். பழைய பசை வராத இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் போட்டு வைத்தால் இளகிவிடும். பழையது கண்ணாடி இழையாக இருந்தால் கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். தோலில் பட்டால் அரிக்கும்.

இப்போது நம் ஊருக்கென்று ஒரு படி. அசிட்டோன் எண்ணெயையும் பசையையும் கரைக்குமே தவிர, உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விளிம்பை இருமுறை துடைத்து, மூடியைத் திறந்து ஓரிரண்டு மணி நேரம் வெயிலில் காயவிடுங்கள். பிறகு கடைசியாக ஒருமுறை அசிட்டோனால் துடையுங்கள். துணியில் கறுப்போ மஞ்சளோ ஏறுவது நிற்கும் வரை துடைப்பதை நிறுத்தாதீர்கள். அதன் பின் விளிம்பை வெறுங்கையால் தொடக்கூடாது.

மூடி சரியாக உட்காரவில்லை என்று தெரிந்திருந்தால் இந்த நேரத்தில் மூடியைச் சுற்றிப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, மூடியைச் சமமாக அமர்த்தி, மறுபடி இறுக்குங்கள். மூடி மூடியிருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும், இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கீலில் உள்ள ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கிறது. திறந்த நிலையில் தளர்த்தினால் கனமான பீங்கான் நழுவி விழும்.

ஒட்டுதல்

கீல் இருக்கும் பின்பக்கத்தில் தொடங்குங்கள்; இணைப்பு அங்கே வந்தால் கையும் பாத்திரமும் உரசாது. பசைக் காகிதத்தை ஒரு சாண் அளவே உரித்து, அந்த அளவை ஒட்டி அழுத்திய பிறகு அடுத்த சாணுக்குப் போங்கள். இழுக்காதீர்கள். இழுத்து ஒட்டிய பட்டை சூடானதும் சுருங்கி, இணைப்பில் இடைவெளி விடும். பட்டை உள் விளிம்பைத் தாண்டி நீட்டவும் கூடாது, நீட்டிய பகுதியில் தீ பிடிக்கும். இரண்டு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்கும்படி வெட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அங்கே மூடி தூக்கி நிற்கும்.

மூடியை மெதுவாக மூடி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதன் எடையே பட்டையை அழுத்திவிடும்.

சோதனை

செய்தித்தாளை விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து, விளிம்பில் வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எங்கும் ஒரே இறுக்கம் இருந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் மூடியை இன்னும் சமப்படுத்த வேண்டும்.

முதல் சில சமையல்களை 150 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பசை இறுக அவகாசம் கிடைக்கும். அந்த முதல் தீயில் ஈரத் தேங்காய் நாரைக் கொஞ்சம் போட்டு மூடினால், புகை கசியும் இடம் கண்ணுக்கே தெரியும். வாசல்களை அடைத்து வைத்திருந்த அடுப்பைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கிய கரியிலிருந்து தீ முகத்தை நோக்கி எழும்பும். முதலில் இரண்டு வாசல்களையும் திறந்து சற்றுப் பொறுத்து, மூடியை ஓரங்குலம் தூக்கி நிறுத்தி, பிறகு முழுவதும் திறங்கள்.

ஒவ்வொரு முறை சமைத்த பிறகும், கை பொறுக்கும் சூட்டுக்கு அடுப்பு இறங்கியதும், பட்டையில் வழிந்திருக்கும் மசாலாவைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இழை பிரிந்துவிடும். இந்தப் பட்டையில் மட்டும் அசிட்டோனோ சோப்புத் தண்ணீரோ படக்கூடாது, அடியில் இருக்கும் பசை இளகிவிடும்.