பழைய பத்திரக் கட்டை அவிழ்க்கும் முன்

கிருஷ்ணகிரிப் பக்கம் பல வீட்டுப் பரண்களில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, கிஸ்தி (நிலவரி) ரசீது எல்லாம் கட்டுக் கட்டாக. பட்டியல் போட உட்கார்ந்ததும் தேதிவாரியாக அடுக்கத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் கட்டை நான் அப்படித்தான் கலைத்தேன். பத்திரங்களுக்கு நடுவே மடித்திருந்த, சர்வே எண் இல்லாத இரண்டு ரசீதுகள் எந்த நிலத்துக்கு என்று இன்றுவரை தெரியவில்லை. எதோடு சேர்ந்திருந்தன என்பது ஒன்றுதான் அவற்றுக்கு அடையாளம். அது போய்விட்டது.

முதலில் போனில் படம் எடுங்கள். திறந்த பெட்டி, அப்புறம் ஒவ்வொரு கட்டும் மேலிருந்தும் பக்கவாட்டிலும். சுற்றியிருக்கும் தாளில் ‘ஏரிக்கொல்லை’ என்று நிலத்தின் பெயரைப் பெரியவர்கள் எழுதியிருந்தால் அதுவும் ஆவணம்தான்.

அடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எண் போடுங்கள். 2-5-3 என்றால் இரண்டாம் கட்டு, ஐந்தாம் ஆவணம், மூன்றாம் தாள். ஒன்றுக்குள் ஒன்று மடித்திருந்தால் ‘2-5க்குள் இருந்தது’ என்று நோட்டில் குறியுங்கள். வக்கீலிடம் போய் வந்தபோது ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று தோன்றினாலும் நீங்களாகச் சரிசெய்ய வேண்டாம். சந்தேகத்தை எழுதி வைத்தால் போதும்.

சரி, இனி எக்செல். எண், ஆவண வகை, தேதி, ஊர், சர்வே எண், எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர். மாவட்டத்துக்கு இரண்டு கட்டம் விடுங்கள்: தாளில் உள்ளபடி ஒன்று, இன்றையது ஒன்று. தருமபுரி 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து. ஆக, ஒரே கொல்லையின் பத்திரங்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் வரலாம். மாவட்டவாரியாகக் கட்டைப் பிரித்தால் ஒரு நிலத்தின் வரலாறு மூன்று துண்டாகிவிடும்.

கிஸ்தி ரசீதில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, இருக்கும். 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1375 என்பது 1965 ஜூலை முதல் 1966 ஜூன் வரை. தாளில் உள்ள பசலியையும் விடாமல் எழுதுங்கள்.

தேதிவாரியாகப் பார்க்க வேண்டுமா? எக்செல்லில் வரிசை மாற்றிக்கொள்ளலாம், தாள்கள் நகர வேண்டியதில்லை.

கடைசியாக, துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றிவிட்டு, எடுத்த வரிசையிலேயே திரும்ப அடுக்குங்கள். ரப்பர் பேண்டும் லேமினேஷனும் வேண்டாம். அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, பட்டியலின் ஒரு நகலையும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.