பூப் பறிப்பதா, ஆய்வதா?

எழுதும்போது சொல் முட்டினால் உடனே அகராதியைத் திறக்க வேண்டாம். வாயில் வந்த சொல்லைப் போட்டு, கீழே ஒரு கோடு கீறிவிட்டுப் பந்தியை முடியுங்கள். நடுவில் தேடப் போனால் வசனத்தின் ஓட்டம் அறுந்துவிடும்.

பிறகு கோடு கீறிய சொல்லுக்கு வாருங்கள். அது 'பறித்தல்' என்று வைத்துக்கொள்வோம். ஒத்தசொல் தேடினால் ஆய்தல், கொய்தல், பிடுங்குதல், உருவுதல் என்று வரிசையாக வரும். எல்லாம் ஒன்றுதானே என்று வடிவானதைத் தூக்கிப் போடுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அதற்குரிய பொருளை வைத்து வாய்விட்டு வாசியுங்கள். யாழ்ப்பாணத்தில் பூ ஆய்வோம், தேங்காய் பிடுங்குவோம், முருங்கையிலை உருவுவோம், வெங்காயம் கிண்டுவோம். 'பூவைப் பிடுங்கினாள்' என்றால் செடியும் சேர்ந்து வந்துவிட்டதோ என்று இருக்கும். 'கொய்தல்' பாட்டுக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை விலை பற்றிய கட்டுரையில் வேஷம் கட்டியதுபோல் நிற்கும்.

தெரிந்தெடுத்த சொல்லை இனி அகராதியில் சரிபாருங்கள். 'ஆய்ந்தாள்' என்று தேடினால் அகப்படாது. 'ஆய்' அல்லது 'ஆய்தல்' என்று தேட வேண்டும். முதற்பொருளோடு நிறுத்தவும் கூடாது. ஆராய்தலும் கொய்தலும் அந்த ஒரே சொல்லின் பொருள்கள்தான்.

பழஞ்சொல்லுக்கு 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி உதவும். விரிவான பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். இன்றைய வழக்குக்கு, முதற்பதிப்பு 1992இல் வந்த க்ரியா அகராதி: இலங்கை வழக்கைத் தனியே குறித்துத் தரும், ஆகவே நமக்கு அதுவே முதல் துணை. செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்களைப் பார்க்கலாம். ஆனால் அது எதுகை ஒழுங்கில், அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை வைத்துப் போகிறது. 'அரி'யை அகரத்தில் தேடாமல் ரகர எதுகையில் தேடுங்கள்.

கடைசியாக, வாசிப்பவர் எந்த ஊர்? சென்னை வாசகருக்குக் 'கதிரை' தெரியாவிட்டால் அவர் தேடிப் பார்ப்பார், அல்லது இடத்தை வைத்து ஊகிப்பார். அதனால் கதிரையை நாற்காலி ஆக்க வேண்டியதில்லை. 'ஆறுதலாக வாருங்கள்' என்பதில்தான் வில்லங்கம். ஆறுதல் அவருக்குத் தெரிந்த சொல், தேடமாட்டார். துக்க வீட்டுக் கதை என்று எடுத்துக்கொள்வார். அங்கே மட்டும் 'அவசரமில்லை, மெதுவாக வாருங்கள்' என்று மாற்றுங்கள்.