கோழிக்குக் கண்ணில் அடிபட்டால் முதல் நாள் என்ன செய்வது?

முதலில் இரண்டு கண்களையும் பாருங்கள். ஒரு கண் மட்டும் மூடியிருந்தால் பெரும்பாலும் கொத்துக் காயம், முள் அல்லது உமித் தூசி. முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி நாற்றமடித்தால் கொரைசா என்ற தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். இமையிலும் கொண்டையிலும் பொருக்கு இருந்தால் அம்மை. இந்த இரண்டு நோய்களுக்கும் கண்ணைக் கழுவினால் மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 1: உடனே பிரித்து, பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே சாக்கு போடுங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் அதே இடத்தில் கொத்தும்.

படி 2: அரை லிட்டர் கொதித்த நீரில் நாலரை கிராம் தூள் உப்பு, அதாவது தலை தட்டிய முக்கால் டீஸ்பூன், கரைத்து வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். உப்பு கூடினால் கண் எரியும், கோழி இமையை இறுக்கிக்கொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் (சுத்தமான உப்புநீர்) இருந்தால் இன்னும் நல்லது.

படி 3: இறக்கைகளைச் சேர்த்துத் துண்டால் சுற்றுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். கோழிக்கு உதரவிதானம் கிடையாது; நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு.

படி 4: அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சால் அலகுப் பக்க மூலையிலிருந்து மெல்ல நீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். அப்போது வெண்திரை ஒன்று குறுக்கே ஓடி மறையும். அது மூன்றாவது இமை; அழுக்கென்று நினைத்துப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். ஒட்டிய பொருக்கை நனைத்த துணியால் ஊறவைத்து எடுங்கள். கருவிழியில் குத்தி நிற்கும் முள்ளைத் தொடவே கூடாது.

படி 5: பலர் தவறுவது மருந்தில்தான். வீட்டில் மிஞ்சிய கண் சொட்டு மருந்தில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், கீறல் ஆறாமல் கருவிழி ஓட்டையாகும் அபாயம் உண்டு. குளோரம்பெனிகால் களிம்பு, முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கும் கோழிக்குத் தடை செய்யப்பட்டது. வெங்காயச் சாறு, மஞ்சள் எதுவும் வேண்டாம். மருத்துவர் களிம்பு எழுதித் தந்தால், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினம் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கருவிழி வெளுத்தாலோ, கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தாலோ, மறுநாளும் கண் திறக்காவிட்டாலோ கால்நடை மருந்தகம் போங்கள். தமிழ்நாட்டில் 1962-ஐ அழைக்கலாம்.

ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கோழிக்குக் கொத்து குறி தவறும். தரையில் இறைக்காமல் ஆழமான கிண்ணத்தில் தீவனம் வையுங்கள். தண்ணீரை நல்ல கண் பக்கம் வையுங்கள். கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிரம்புகிறதா என்று மாலையில் தடவிப் பாருங்கள்.