காலிங் பெல் அடித்ததும் வீடே அதிரக் குரைக்கிறதா? இப்படிப் பழக்குங்கள்

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி. காலையில் பால், பதினொரு மணிக்குத் தண்ணீர் கேன், அப்புறம் கூரியர், சாயங்காலம் இஸ்திரிக்காரர். ஒவ்வொரு பெல்லுக்கும் எங்கள் கறுப்பன், தெருவில் குட்டியாக இருந்தபோது தூக்கி வந்த நாட்டு நாய், கதவில் போய் மோதித் தொண்டை கட்டும் வரை குரைப்பான். நான் "டேய், சும்மா இரு" என்று கத்த, அவன் இன்னும் ஏற்றிக் குரைக்க, கீழ் வீட்டு மாமி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கைகூப்பும் பொம்மை மட்டும் போடுவார்.

அவன் குரைத்தான், கேன்காரர் போய்விட்டார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் தான்தான் விரட்டினோம் என்பது அவன் கணக்கு. பலன் கிடைக்கிற வேலையை எந்த நாயும் விடாது. அதைவிட நல்ல கூலிக்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள்.

கூலி என்றால் உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி. எலும்பை எடுத்துவிட்டுக் கொண்டைக்கடலை அளவுக்குப் பிய்த்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, பெல்லே வேண்டாம். கதவிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பழைய கால்மிதியைப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டு கறியை எறியுங்கள். நான்கு காலும் அதில் ஏறியதும் "சபாஷ்", உடனே இன்னொரு துண்டு. கறி கொடுக்க ஐந்து விநாடி தாமதித்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குப் புரியாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தே நிமிடம். தானாகவே போய் ஏற ஆரம்பித்ததும் "இடம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி, உங்கள் வீட்டுப் பெல் சத்தத்தை போனில் பதிவு செய்து, இருக்கிறதிலேயே குறைந்த சத்தத்தில் போடுங்கள். சத்தம், "இடம்", கறி. ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, கடைசியில் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும்படி செய்தாரே, அதே வேலைதான். காதை நிமிர்த்திவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். குரைத்துவிட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள், ஒரு படி இறங்குங்கள்.

மூன்றாவது படி, வீட்டு ஆள் யாராவது வெளியே போய் நிஜ பெல்லை அடிக்க வேண்டும். கறுப்பனுக்கு இங்கேதான் இரண்டு வாரம் இழுத்தது. காரணம் எங்கள் பாட்டி. அவன் குரைக்கும்போதெல்லாம் "பாவம், பசிக்குது போல" என்று மேரி பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்! வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்றால் இதில் இறங்கவே வேண்டாம். பிஸ்கட்டை நிறுத்தியதும் நாலைந்து நாள் முன்பைவிட மோசமாகக் குரைத்தான். அது சகஜம். அப்போது மனசு இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும்.

அப்புறம்தான் கூரியர்காரர், அதுவும் முதலில் நாய்க்குக் கயிறு கட்டித்தான்.

ஆள் மேல் தாவும் நாய்க்கும் இதே கணக்குதான். தாவினால் பேசாமல் முதுகைக் காட்டுங்கள், கால் நான்கும் தரைக்கு வந்ததும் கொஞ்சுங்கள். வாக்கிங்கில் இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்ததும் நடங்கள். தெரு நாய்க் கூட்டம் தெரிந்தால் வீரம் காட்டாமல் எதிர்ப்பக்கம் மாறிவிடுங்கள். மே மாதத்தில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

உறுமினால் மட்டும் அடிக்காதீர்கள். அது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். வாலாட்டுகிறதே என்று நம்பவும் வேண்டாம். உடம்பு விறைத்து, வால் மேலே தூக்கி ஆடினால் ஒதுங்குங்கள்.

இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொட்டாலே சீறுகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். காதில் புண்ணோ பல்வலியோ இருக்கலாம். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பார்ப்பார்கள். போகும்போது தடுப்பூசிக் குறிப்பேட்டையும் எடுத்துப் போங்கள்.