எச்சில் குழாய்க்கு முன்னால் காலனி எண்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முன்னோரின் ஊரைத் தேடி டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பணம் கட்டும் தமிழர் பலர் எதிர்பார்ப்பது ஓர் ஊர்ப் பெயரை. அது வராது. முடிவு பெரும்பாலும் தென்னிந்தியா என்ற அளவில் நின்றுவிடும். உண்மையான பயன் அதோடு வரும் உறவினர் பட்டியல்தான், அதாவது சோதித்தவர்களில் உங்கள் மரபணுவோடு பொருந்துபவர்களின் பட்டியல். ஊரைச் சொல்வது ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரைப் பதிந்த கப்பல் பதிவேடு.

ஆகவே முதலில் காலனி எண்ணை, அதாவது ஒவ்வொரு கூலிக்கும் அந்தப் பதிவேட்டில் கொடுத்த எண்ணைத் தேடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் காலனியில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். பெரியவர்களின் பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளைப் புரட்டினால் அந்த எண் அகப்படலாம். எண்ணை வைத்துப் பதிவேட்டில் தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை பார்க்கலாம். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் அங்கே இருக்கும். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலியார் மூட்லி ஆனதும் அப்படித்தான்.

அடுத்து, பரிசோதனைக்குக் கொடுக்கும் எச்சில் யாருடையது? வீட்டில் மூத்தவருடையது. ஒரு முன்னோரிடமிருந்து வரும் மரபணுப் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறையும். பேரனைச் சோதித்தால் ஊரில் இருக்கும் உறவு கண்ணில் படாமலே போகலாம். துப்புவதற்கு முன் 30 நிமிடம் சாப்பாடு, தண்ணீர், புகை எதுவும் கூடாது. சுமார் 2 மி.லி. வேண்டும், நுரை கணக்கில் சேராது. வாய் உலர்ந்த பெரியவர்களுக்குக் கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தேய்த்துவிடுங்கள். மூடியிலுள்ள திரவம் முழுதும் இறங்கியபின் குழாயைக் குலுக்குங்கள். அது கலக்காவிட்டால் வழியிலேயே மாதிரி கெட்டுவிடும்.

முடிவைப் படிப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கை சென்டிமார்கன் என்ற அலகில் தருவார்கள். சராசரியாக, இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒன்றானால் 870, பூட்டன் பூட்டி ஒன்றானால் 230, ஓட்டன் ஓட்டி ஒன்றானால் 70. ஆனால் தாய்மாமனையும் அத்தை மகனையும் தலைமுறைதோறும் கட்டிய குடும்பங்களில் ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழிகளில் வந்து நிற்பார். தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். அதனால் மொத்தத்தை விட்டு, இருவருக்கும் பொதுவான மரபணுத் துண்டுகளில் மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். அது 30 சென்டிமார்கனுக்கு மேல் இருந்தால் அந்த உறவினரோடு தொடர்பு கொள்ளலாம். எல்லாமே எட்டும் பத்துமான சிறு துண்டுகள் என்றால் அது சமூகத்துக்குள்ளேயே நடந்த பழைய திருமணங்களின் எச்சம். பதிவேட்டிலுள்ள கிராமத்தோடு ஒத்துப்போனால் ஒழிய நேரம் செலவிடாதீர்கள். 7க்குக் கீழே உள்ளவை பல தற்செயல் பொருத்தங்கள்.

ஒருவருடைய எச்சில் முழுக் குடும்பத்தின் இரகசியத்தையும் சொல்லிவிடும். மறைந்திருந்த தகப்பனோ உடன்பிறப்போ வெளிவரலாம் என்பதை மூத்தவருக்கு விளக்கி, அவர் மனமாரச் சம்மதித்த பிறகே குழாயைக் கையில் கொடுங்கள். 2023இல் ஒரு பெரிய பரிசோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடப்பட்டன. எனவே ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்கும் கட்டத்தை உடனே டிக் செய்யாமல் படித்துப் பாருங்கள். முடிவு வந்ததும் மூலத் தரவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, மாதிரியை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.