உதகையில் இருபத்தைந்தாம் ஆண்டுச் சந்திப்பு: வகுப்புத் தோழர்களைத் தேடிச் சேர்க்கும் முறை

கல்லூரிப் படிப்பை முடித்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறையப்போகும் வேளையில், ஒருமுறை எல்லாரும் கூட வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் வாட்ஸாப் குழுவில் எழுகிறது. எழுந்த அன்றே விடுதி, சாப்பாடு, ஒரே நிறச் சட்டை என்று உரையாடல் ஓடத் தொடங்கிவிடும். அதைச் சற்று நிறுத்தி வைத்து, இந்தக் குழுவில் யார் யார் இல்லை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். உதகை அரசு கலைக் கல்லூரியில் 2000ஆம் ஆண்டு படிப்பை முடித்த எங்கள் வகுப்பில் பாதிப்பேர்கூடக் குழுவில் இல்லை என்பது அப்படி எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனவே நாள் குறிப்பதற்கு முன் குறைந்தது ஓராண்டைத் தேடுவதற்கென்றே ஒதுக்கினோம். அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

தேடலுக்கு அடிப்படை முழுமையான பெயர்ப் பட்டியல். மாணவர்களின் முகவரிகளை வெளியே தருமாறு கல்லூரி அலுவலகத்தைக் கேட்பது முறையாகாது. கடைசி ஆண்டில் எடுத்த வகுப்புக் குழுப்படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் நேராகப் பெயரெழுதத் தொடங்குங்கள். மூன்று ஆண்டுகள் நாள்தோறும் வருகைப் பதிவைக் கேட்டவர்களுள் அந்த வரிசையை இன்றும் ஒப்பிக்கக்கூடியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பலாம். படம் எடுத்த அன்று வராதவர்களையும், குடும்பச் சூழலால் இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவர்களையும் சேர்த்தால்தான் பட்டியல் நிறைவு பெறும். பட்டம் பெறாதவர் நம் வகுப்பைச் சேர்ந்தவர் இல்லை என்று யாரேனும் சொன்னால், அதை ஏற்க வேண்டாம்.

பெயரை மட்டும் கொண்டு இணையத்தில் தேடினால் நம் ஊர்ப் பெயர்கள் எளிதில் அகப்படுவதில்லை. தலைப்பெழுத்தும் பெயருமாகப் பதிவேட்டில் இருந்தவர், இன்று வேறு வகையில் பெயரை எழுதுகிறார். தோழிகள் பலரின் தலைப்பெழுத்து திருமணத்துக்குப் பின் மாறியிருக்கிறது. ஆகவே ஊரைப் பிடித்துத் தேடுவதே நீலகிரியில் பயன் தரும் வழி. மலைவாழ் படகர் சமூகத்தவரைத் தேட, அவர்களுடைய ஹட்டியின், அதாவது சிற்றூரின், பெயர் தெரிந்தாலே போதும். அங்குள்ள தேநீர்க் கடையிலோ பச்சைத் தேயிலை எடை போடும் இடத்திலோ கேட்டால், இன்னாருடைய மகன் இப்போது எங்கிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வரும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூரில் இருப்பவர்கள் ஊர் திரும்புவதால், செய்தி சொல்லி அனுப்ப அதைவிட நல்ல தருணம் இல்லை. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களைத் தேடுவது இதைவிடக் கடினம். லயன் வீடு எனப்படும் தோட்டத்து வரிசை வீடு வேலையோடு சேர்ந்தது. பெற்றோர் ஓய்வு பெற்றதும் அதைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்கோ கோவைக்கோ இறங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். அதே தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்தால்தான் நூல் பிடித்துச் செல்ல முடியும். இந்து நகரில் பிலிம் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர்களும் ஆலை நின்ற பின் பல திசைகளில் சிதறினார்கள். ஆனால் அக்குடும்பங்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதால், ஒருவர் கிடைத்தால் நால்வர் கிடைப்பார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர், உதகை, சமவெளி என்று பகுதிக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.

எண் கிடைத்தவுடன் குழுவில் சேர்த்துவிடக் கூடாது. அக்காலத்தில் அவருக்கு நெருக்கமாக இருந்தவர் முதலில் பேசட்டும். குழுவில் சேர விருப்பமா என்று கேட்டு, சம்மதித்த பின் சேர்க்கட்டும். தோழிகளிடம் ஒரு தோழியே பேசுவது நல்லது. முதல் அழைப்பில் நாளையோ பணத்தையோ பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கணவரை இழந்தவர், தொழிலில் நொடித்தவர், பாக்கித் தாள்களை எழுதி முடிக்காமலே போனவர் ஆகியோர் தயங்குவதற்குக் காரணம் அங்கு வந்து எதைச் சொல்வது என்ற கவலைதான். பதவி, நிறுவனம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைக் கேட்கும் படிவம் ஒன்றை நாங்கள் தொடக்கத்தில் அனுப்பினோம். அதன் பிறகு சிலர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். படிவத்தைத் திரும்பப் பெற்று, ஒவ்வொருவரையும் அழைத்து வருத்தம் தெரிவித்தோம். பெயர், ஊர், தொடர்பு எண் ஆகிய மூன்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இங்கே பெருமளவு மலைக்கும் சாலைக்கும் உரியது. ஏப்ரல் முதல் ஜூன் வரை சுற்றுலாப் பருவம். அறை வாடகை ஏறிவிடும், குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாடும் நடைமுறைக்கு வந்துவிடும். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் எனும் இணையவழி நுழைவு அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் விதித்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரியும். 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் என்றாலும், நம் வயதினரின் பிள்ளைகளுக்கு அப்போது செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் வந்துவிடும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்து, பொங்கலுக்கும் குடியரசு நாளுக்கும் இடைப்பட்ட சனிக்கிழமையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். இரவில் உறைபனி விழும். பகலில் இளவெயில் இருக்கும். அது இயலாதவர்கள், ஓணம் விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்த்து, செப்டம்பரின் முதல் பாதியைப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து வருபவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் மேட்டுப்பாளையம் வந்து இறங்கி, மலை ரயிலைப் பிடிக்கலாம். ஏறக்குறைய 46 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஐந்து மணி நேரம் ஆகும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாளில் அதில் ஏறுவதே சரி. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், அந்த நாளைக் குறித்து வைத்து நினைவூட்ட ஒருவர் வேண்டும். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. சொந்தக் காரில் வருபவர்கள் புறப்படும் முன்பே எடுத்துவிட வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் முந்தைய நாளே வந்து உடலைப் பழக்கிக்கொள்வது நல்லது.

பணத்தைப் பொறுத்தவரை, தலைக்கு இவ்வளவு செலவாகும் என்பதை அறிவித்துவிட்டு, யார் எவ்வளவு தந்தார்கள் என்பது பொருளாளர் இருவருக்கு மட்டுமே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வரவையும் செலவையும் ரசீதுகளோடு எல்லாருக்கும் காட்டலாம். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் வேண்டாம். கூடலூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் பொதுச் செலவில் வேன் அமர்த்தினோம். கார் வைத்திருந்தவர்களும் அதிலேயே வந்ததால், பயணச் செலவுக்கு வழியில்லாதவர் யார் என்ற கேள்வியே எழவில்லை.

இடம் கல்லூரி வளாகமாகவே இருக்கட்டும். 1820களில் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் கட்டிய, இன்று அவ்வளாகத்துக்குள் இருக்கும் கல் பங்களாவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு எந்த விடுதி மண்டபமும் ஈடாகாது. இரண்டு மாதங்களுக்கு முன்பே முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் மாவட்டத்தில் தடை செய்யப்பட்டிருப்பதால், தண்ணீர் பாட்டில்களுக்கு மாறாகப் பெரிய கேன்களும் எவர்சில்வர் டம்ளர்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். சமவெளிக்கு இறங்குபவர்கள் இருட்டுக்கும் மூடுபனிக்கும் முன் புறப்பட வேண்டும் என்பதால், மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி முடிந்துவிடட்டும்.

நிகழ்ச்சி நிரலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பது முதலில் வரட்டும். அதன் பின் பழைய வருகைப் பதிவு வரிசையில் ஒவ்வொரு பெயரையும் கூப்பிடுங்கள். கூப்பிடப்பட்டவர் எழுந்து தாம் விரும்பியதைச் சொல்லட்டும். எங்களுக்கு இதற்கே மூன்று மணி நேரம் ஆயிற்று. பாட்டு, விளையாட்டு என்று ஒதுக்கியிருந்த நேரத்தையும் இதற்கே கொடுத்துவிட்டோம். தேநீரும் உதகையின் மொறுமொறுப்பான தின்பண்டமான வர்க்கியும் இருந்தன, வேறெதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை. முதுமையால் மலையேற முடியாத ஆசிரியர்களை வற்புறுத்தி அழைத்து வராமல், முன்கூட்டியே நால்வர் கோவைக்குச் சென்று வீட்டிலேயே பார்த்து, அவர்களுடைய குரலைப் பதிவு செய்து வந்து ஒலிக்கச் செய்தோம்.

சந்திப்பு முடிந்த வாரத்திலேயே வராதவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுங்கள். அதன் பிறகு குழுவில் வணக்கச் செய்திகளும் அரசியலும் பெருகினால் பலர் அமைதியாகிவிடுவார்கள். ஆகவே இறப்பு, திருமணம், மருத்துவ உதவி ஆகியவற்றை மட்டும் அறிவிக்கத் தனிக் குழு ஒன்று இருப்பது நல்லது. முகவரி மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஏட்டை உதகையிலேயே வாழும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். எங்கள் பட்டியலில் இன்னும் ஆறு பெயர்களுக்கு நேரே எண் இல்லை. குழுப்படத்தின் பிரதி ஒவ்வொன்றை அந்த ஆறு பேருக்கும் உறையிலிட்டு, பெயரெழுதி, அந்த ஏட்டுக்குள் வைத்திருக்கிறோம்.