முன் ஃபோர்க் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றினோம்

பிரேக்கைப் பிடித்தவுடன் என் பைக்கின் முன்பக்கம் முழுதாகக் குனிந்து, வேகத்தடைகளில் ‘டங்’கென்று அடி வாங்கியதால், முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குழாய்களுக்குள் போடச் சற்றுக் கடினமான ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி, நண்பர்கள் இருவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைக் கழற்றினோம்.

ஃபோர்க்கை வெளியே எடுக்கும் முன்பே, அதை இறுக்கிப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபோர்க்கின் மூடியையும் அரைச்சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். முதல் ஃபோர்க்கில் இதை நான் மறந்துவிட்டதால், வழுக்கும் குழாயைப் பழைய டியூபால் சுற்றி ஒருவர் அணைத்துப் பிடிக்க, மற்றவர் ஸ்பானரோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியை மேலே தள்ளும் என்பதால், முகத்தை விலக்கி, உள்ளங்கையால் அழுத்தியபடியே திறந்தோம்.

வடிந்த ஆயில் கழுநீரைப் போலச் சாம்பல் நிறத்தில் நாறியது. புதிய ஆயிலை ஊற்றி, காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை மெல்ல ஏற்றி இறக்கிய பின், ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, குழாயின் விளிம்புக்கும் ஆயில் மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தோம். இரண்டிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஊற்றிய அளவை மட்டும் நம்பினால், அடியில் தங்கிய பழைய ஆயில் கணக்கைக் கெடுத்துவிடும். புதிய ஸ்பிரிங் 12 மி.மீ. கூடுதல் நீளமாக இருந்ததால், ஸ்பிரிங்கோடு சேர்த்து உள்ளே வைக்கும் ஸ்பேசர் குழாயை அதே அளவுக்கு அறுத்துக் குறைத்தோம்.

குழாயில் கேபிள் டை ஒன்றைக் கட்டி அளந்தபோது, நான் அமர்ந்தால், ஃபோர்க் மொத்தம் இறங்கக்கூடிய 130 மி.மீ.யில் 34 மி.மீ. மட்டுமே இறங்கியது, முன்பு அது 50 மி.மீ.யைத் தாண்டியிருந்தது.